அவசரத்துக்கு யாருடைய நம்பர்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மார்கழி மழைக்குள் ஒரு இரவு, ஒன்பதரை இருக்கும், தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்து ஒரு மிஸ். ஒரு பெடியனின் பெயரைச் சொல்லி, "நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று கேட்டார். பெயர் உடனே பிடிபட்டது. என்னிடம் ஏ.எல். வகுப்பில் படித்தவன். "நான் அவருடைய ரீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "அவர் உங்கட நம்பரைத்தான் குடுத்திருக்கிறார். டெங்கு. ஆரும் ஒராள் வந்து நிண்டால் நல்லம்" என்றார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த வாப்பா எழும்பிச் சேர்ட்டைப் போட்டுவிட்டார். "என்ன மகள் யோசிக்கிறீங்க? பிள்ளை தனியக் கிடக்கு. பிளாஸ்க்கை எடுங்க" என்றார்.

வாட்டில் அவனிடம் நான் முதலில் கேட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "ஏன் என்ட நம்பரைக் குடுத்தனீ?" என்றுதான் கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். "வேற ஆற்ற நம்பரும் பாடமில்லை ரீச்சர்" என்றான்.

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். பெயர், ஊர், வளர்ந்த இடம் எதுவும் எழுதமாட்டேன். பின்னூட்டத்தில் யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

வன்னியில் பிறந்தவன். கடைசிப் போரில் தகப்பன் இல்லாமல் போனார். தாய் பிறகு மறுமணம் செய்துகொண்டார். ஏழு வயதில் குடாநாட்டில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு வந்தான். பதினொரு வருடம் அங்கேதான். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படிப்பு, மிருதங்கம் கூடப் பழகினான். குறை சொல்ல அவனுக்கே விருப்பமில்லை. பதினெட்டு முடிந்த மாதம் ஒரு பயணப் பையும் கொஞ்சக் காசும் கொடுத்து வழியனுப்பினார்கள். தாயின் வீட்டுக்குப் போனான். அங்கே நாலு நாள்தான் நிற்க முடிந்தது. திரும்பி வந்து, மேசன் வேலைக்குக் கையாளாகப் போகும் மூன்று பேரோடு ஒரு அறையில் சேர்ந்துகொண்டான். அப்போது ஏ.எல். பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது.

அந்த எட்டு மாதமும் நான் என்ன செய்தேன்? இடாப்பில் வரவில்லை என்று அடையாளம் போட்டேன். முதல் வாரம் வகுப்பில் "அவன் எங்கே?" என்று கேட்டேன். "இல்லத்தால விட்டிட்டினம் ரீச்சர்" என்றார்கள். சரி, பெரிய பெடியன், வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கணக்கீட்டில் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டேன். கலாசாலையில் எங்களுக்குப் பிள்ளை உளவியல் படிப்பித்தார்கள். மாஸ்லோவின் தேவைப் படிநிலையை முக்கோணமாக வரைந்து விளக்கி நல்ல புள்ளி வாங்கியவள் நான். தங்க இடமில்லாத பிள்ளை பாடத்துக்கு வரமாட்டான் என்பது அந்த முக்கோணத்தின் அடியிலேயே இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஓடும் ஒரு கதை. வெளிநாட்டில் உள்ள ஒரு சகோதரர் பணம் தர ஆயத்தமாம், இங்கே எங்கள் சமூகத்துக்கென்று ஓர் அநாதை இல்லம் கட்டலாமாம். காணி பார்க்கும் வேலையும் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தச் சகோதரரின் எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: இன்னொரு கட்டடம் வேண்டாம். அந்தக் காசு இரண்டு இடத்துக்குப் போகட்டும். ஒன்று, பேரப்பிள்ளையையும் மருமகளையும் வைத்து வளர்த்துக்கொண்டிருக்கும் உம்மம்மாக்களுக்கும் மாமிகளுக்கும். மற்றது, ஏற்கனவே உள்ள இல்லங்களில் இருந்து பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளைகளுக்கு, அவர்கள் எந்தச் சமயமாக இருந்தாலும்.

இல்லங்களைத் தாக்கி எழுதுகிறேன் என்று யாரும் எடுக்கவேண்டாம். போர்க்காலத்தில் குடாநாட்டில் இல்லங்கள் இருந்திராவிட்டால் எத்தனை பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள்! தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் நடத்திய துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை இங்கே அறியாதவர் யார்? ஒரு கோயிலின் வருமானம் பெண்பிள்ளைகளின் படிப்புக்குப் போகவேண்டும் என்று நினைத்த மனிசி. எங்கள் பக்கத்திலும் 1962 இல் தொடங்கிய மாகொல முஸ்லிம் அநாதை இல்லம் எத்தனையோ பேரை ஆளாக்கியிருக்கிறது. அந்தக் காலத்துத் தேவை அது.

இன்று நிலைமை வேறு. 2009 மே மாதம் கைக்குழந்தையாக இருந்தவர்களே இப்போது பதினாறு வயதைத் தாண்டிவிட்டார்கள். போர் அநாதையாக்கிய கடைசிப் பிள்ளைகள் இந்த இரண்டு மூன்று வருடங்களில் இல்லங்களை விட்டு வெளியேறிவிடுவார்கள். இப்போது உள்ளே வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். உம்மா குவைத்தில், வாப்பா வேறு குடும்பத்தில். அல்லது தகப்பன் குடியில், தாய் நோயில். அல்லது வெறும் வறுமை. 2022 நெருக்கடியில் பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனபோது, "அங்கே விட்டால் மூன்று நேரமும் சாப்பிடும், படிக்கும்" என்று கண்ணீரோடு கொண்டுபோய் விட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு மாதாமாதம் ஒரு தொகை போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்க ஆகும் செலவில், அதற்குள்ளேயே, அதை அம்மம்மா வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அம்மம்மாவுக்குக் கொடுத்தால் திறப்புவிழா வைக்க முடியாது, கல்லில் பெயர் பொறிக்க முடியாது.

எங்கள் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் "தகுதியான ஆள்" ஒருவரின் பொறுப்பில் விடலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம், உறவில்லாதவராகவும் இருக்கலாம். மாமியோ சாச்சியோ பிள்ளையை வைத்திருக்கிறார், ஆனால் பாடசாலையில் சேர்க்கும்போதும் அடையாள அட்டைக்கு எழுதும்போதும் "நீங்கள் யார்?" என்று கேட்டால் காட்டக் கையில் ஒரு தாள் இல்லை என்றால், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ போய்க் கேளுங்கள். அது நீதிமன்றம், பொலிஸ் என்று பயப்படும் விடயம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தங்கையின் மூன்று பிள்ளைகளையும் ஒன்பது வருடம் வளர்த்த ராத்தாவுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. 2019 ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையும் குடும்பம்தான் முதல், இல்லம் கடைசி என்றே சொல்கிறது.

"வளர்ப்புப் பெற்றோர் திட்டம்" என்று சொன்னால் எங்கள் நாட்டில் பலருக்கு நினைவு வருவது செவன சரண. வறிய பிள்ளைக்கு ஒருவர் மாதாந்தம் பணம் போடுவார், பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரைப் பாருங்கள். பணம் போடுபவரையே பெற்றோர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் எழும்புகிறவருக்கு வேறு பெயர் தேடவேண்டியிருக்கிறது.

பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வருகிறேன். இது பலரைக் கோபப்படுத்தும், பரவாயில்லை.

லண்டனில் ஒரு பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள், கனடாவில் ஒருவரின் தகப்பனாருக்கு ஆண்டுத் திவசம். இங்கே ஓர் இல்லத்தில் மத்தியானம் விசேட சாப்பாடு, ஐஸ்கிரீம், கேக். பின்னால் பனர். அதில் அந்த லண்டன் குழந்தையின் படம். முன்னால் எங்கள் பிள்ளைகள் வரிசையாக. பின்னேரம் பேஸ்புக்கில் முகங்கள் முழுக்கத் தெரிய முப்பது படம். எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை, நோன்பு காலத்தில் இப்தார் பார்சலோடு இதையேதான் செய்கிறோம். என் மாணவன் சொன்னான், ஒரு மாதத்தில் பதினொரு பேரின் பிறந்தநாளைக் கொண்டாடியிருக்கிறானாம், தன்னுடையது எப்போது என்று கேட்டவர் குறைவாம். பன்னிரண்டு வயதில் எடுத்த அப்படி ஒரு படத்தை, அவன் புதிதாகச் சேர்ந்த வேலையிடத்தில் யாரோ தேடி எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இது புதிதும் அல்ல. 1820களில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதிப் பாடசாலைகள் நடத்தியபோது, அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பும் உபகாரிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் நெவின்ஸ், கரோல், ஆர்னல்ட் என்று தமிழறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெயர்கள் நிற்பது அந்தக் காலத்து வழக்கம்தான். இப்போது நாங்கள் பெயரை மாற்றுவதில்லை, பனரை மட்டும் பிடிக்கச் சொல்கிறோம். ஆனால் ஒன்று, அந்த மிஷனரிமார் பெயரையும் வைத்து, படிப்பை முழுதாக முடித்தும் அனுப்பினார்கள்.

பதினெட்டில் வெளியே வரும் பிள்ளைக்கு என்னென்ன தடக்குகிறது என்று அவனிடமும், அவனைப் போன்ற இன்னும் மூன்று பேரிடமும் கேட்டேன். நான் எதிர்பார்த்த மறுமொழி ஒன்றும் வரவில்லை.

சாப்பாடு என்று ஒருவரும் சொல்லவில்லை. முதலில் சொன்னது விலாசம். இல்லத்து விலாசத்தில் அடையாள அட்டை, இப்போது இருப்பது வேறு பிரிவில், கிராம அலுவலரின் சான்றிதழ் எங்கே எடுப்பது? அறை வாடகைக்குப் போனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம், கூடவே "வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்ற கேள்வி. தவணைக்குப் போன் எடுக்கப் பிணை நிற்க ஆளில்லை. வேலை விண்ணப்பத்தில் உங்களை அறிந்த இரண்டு பேர் என்ற இடம் வெறுமை. ஒரு பெண்பிள்ளை சொன்னது, சம்பளம் கையில் வந்த முதல் மாதம் ஒரு கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டதாம். பதினான்கு வருடம் அவள் கடைக்குப் போய் ஒரு கிலோ சீனி வாங்கியதில்லை. அரிசி என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அரிசி எப்போதும் சமைத்துத்தான் வந்தது. இன்னொருவன் சொன்னது இரவு. நாற்பது பேர் படுக்கும் மண்டபத்தில் வளர்ந்தவனுக்குத் தனி அறையில் நித்திரை வரவில்லையாம்.

பெருநாளும் பொங்கலும் வந்தால் எங்கே போவது என்பதை நால்வரும் சொன்னார்கள். அந்த நாட்களில் கடைகளும் பூட்டு.

எல்லாவற்றையும்விடப் பெரியது பரீட்சை. எங்கள் நாட்டில் ஏ.எல். எழுதும்போது பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைகள் பிந்தி இன்னும் கூடியிருக்கிறது. பதினெட்டில் கதவைத் திறந்துவிட்டால் அது சரியாகப் படிப்பின் நடுவில். பல இல்லங்கள் நல்ல மனத்தோடு பரீட்சை முடியும்வரை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அது அவர்களின் தயவு. அடுத்த நிர்வாகம் மாறினால் தயவும் மாறும்.

வேறு நாடுகளில் இதை யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பத்தில் உள்ள பிள்ளை, இரு பக்கமும் விரும்பினால், இருபத்தொரு வயதுவரை அங்கேயே இருக்கலாம் என்று 2014 இல் சட்டம் போட்டார்கள். இருபத்தைந்து வயதுவரை ஒரு ஆலோசகரின் துணையும் கேட்கலாம். பக்கத்து இந்தியாவில், நிறுவனப் பராமரிப்பை விட்டு வரும் இளைஞருக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 இந்திய ரூபாய், இருபத்தொரு வயதுவரை, தேவைப்பட்டால் இருபத்துமூன்றுவரை. எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி, சட்டத்தில் இருக்கிறது. எங்களிடம் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது, நல்ல சேவை, ஆனால் பதினெட்டு முடிந்தவன் சிறுவன் அல்ல. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபையின் அதிகாரத்தில் உள்ள விடயம். ஆகவே கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வடக்கு மாகாணத்தில் கேட்கலாம், கேட்கவேண்டும். குறைந்தது ஏ.எல். முடியும்வரை இருக்கலாம் என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தாலே போதும், எத்தனை பேரின் படிப்பு தப்பும்.

இனி எங்கள் ஆட்களோடு கொஞ்சம் கதைக்கவேண்டும். மற்றவர்களும் கேட்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்க முன்பே தந்தையை இழந்தவர்கள், ஆறு வயதில் தாயை இழந்தவர்கள் என்று மீலாத் மேடைகளில் உருகிப் பேசுகிறோம். அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? பாட்டனார் வீட்டில், பாட்டனார் போன பிறகு பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில். அபூதாலிப் வசதியானவர் அல்ல, பிள்ளைகள் நிறைய. இருந்தும் வியாபாரப் பயணத்துக்குக் கூட்டிப்போனார், தொழிலுக்கு விட்டார், இருபத்தைந்து வயதில் திருமணத்துக்கு முன்னின்றார், தன் மவுத்துவரை பின்னால் நின்றார். பதினெட்டோடு பொறுப்பு முடிந்தது என்று சொல்லவில்லை. பின்னொரு காலம் மெக்காவில் பஞ்சம் வந்து அபூதாலிப் கஷ்டப்பட்டபோது, நபியவர்கள் அலி (ரழி) அவர்களைத் தன் வீட்டுக்கு எடுத்து வளர்த்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவர் அந்த வீட்டுப் பிள்ளையை வளர்த்தார்.

சூரத்துந் நிஸாவில் அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றி வரும் இடத்தை எடுத்துப் பாருங்கள். வயது வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, பக்குவம் வந்துவிட்டது என்று கண்டபிறகு கொடுக்கச் சொல்கிறது. அதாவது பக்குவப்படுத்துவதும் வளர்ப்பவரின் வேலை. சீனி என்ன விலை என்று தெரியாத பிள்ளையைக் கதவுக்கு வெளியே விடுவது அந்தக் கட்டளைக்குப் பொருந்துமா?

"கபாலா" என்ற சொல்லை 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயமே இருபதாவது உறுப்புரையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கை அதை ஏற்று உறுதிசெய்தது 1991 இல். எங்கள் வீடுகளில் இந்தச் சொல் வேறு வழியாகத் தெரியும். மத்திய கிழக்குக்குப் போனவர்கள் இருக்கும் வீட்டில் "கபீல்" என்றால் யார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பொறுப்பு நிற்பவர், பிணை நிற்பவர். அறைக்கும் போனுக்கும் வேலைக்கும் அந்த நாலு பிள்ளைகளிடமும் இல்லாதது அந்த ஆள்தான். அநாதையைப் பொறுப்பேற்பவரின் சிறப்பைச் சொல்லும் ஹதீஸை இரண்டு விரலைக் காட்டி ஜும்ஆவில் சொல்லாத மௌலவி இல்லை. அதைச் சாப்பாட்டுப் பார்சலாக நாங்கள்தான் சுருக்கிவிட்டோம்.

"எங்கட ஆக்களுக்கே வீடு இல்லை, இதுக்குள்ள மற்றப் பிள்ளைகளா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோனகத் தெருவில் இன்னும் கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. புத்தளத்தில் பாதி, இங்கே பாதி என்று குடும்பங்கள் கிழிந்து கிடக்கின்றன. எனக்கு அது பாடப்புத்தகத்தில் படித்த கதை அல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்றபோது நான் மூன்று மாதக் குழந்தை. வடக்கில் இருந்து சுமார் 75,000 பேர் அப்படிப் போனோம். நான் நடக்கப் பழகியது தில்லையடியில் கிடுகுக் கொட்டிலில்.

உம்மா சொல்லுவா, புத்தளத்து மக்கள் முதல் நாள் சோறு சமைத்துக் கொண்டுவந்த சட்டியைத் திருப்பிக் கேட்கவே இல்லையாம். மறக்க முடியாத உபகாரம். ஆனால் வருடங்கள் போகப் போக, பாடசாலையில் இடமில்லை, கூலி வேலையில் போட்டி, கிணற்றடியில் முகச்சுளிப்பு. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களும் ஏழைகள். நாங்கள் அங்கே கண்டது, முதல் மாதத்துச் சோற்றுக்கு ஆள் நிறைய, பத்தாம் வருடத்தில் கையெழுத்து வைக்க ஆள் குறைவு என்பதுதான். எனக்கு ஓ.எல். பரீட்சை விண்ணப்பம் நிரப்பியபோது, "நிரந்தர விலாசம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வாப்பாவும் அதிபரும் அரை மணி நேரம் யோசித்தார்கள். முகவரி இல்லாமல் வளர்வது என்னவென்று தெரிந்த சமூகம் நாங்கள். எங்களுக்கு வந்த பிள்ளை எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று வாப்பா அந்த இரவு கேட்கவில்லை. வெளியேற்றியவர்களுக்கும் இந்தப் பெடியனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் பிறந்ததே 2006 இல்.

சகாத் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை உலமாக்கள் சொல்லட்டும், அதில் நான் வாய் வைக்கவில்லை. சதகாவுக்கு அப்படி மதில் ஒன்றும் இல்லை.

அதோடு, என் வேண்டுகோள் பெரும்பாலும் காசு சம்பந்தப்பட்டதே அல்ல. ஒரு வீடு, ஒரு இளைஞர். அவர் உங்கள் வீட்டில் தங்கவேண்டியதில்லை. உங்கள் நம்பர் அவருக்குப் பாடமாக இருக்கவேண்டும். வேலைக்கு அறிந்தவர் என்று உங்கள் பெயரைப் போடலாம் என்று அவருக்குத் தெரியவேண்டும். வங்கிக்கு ஒருமுறை கூடப் போங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த ஜேர்மன் ரெக் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் எப்போது கோருகிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள். பெருநாளைக்கு, பொங்கலுக்கு, நத்தாருக்குக் கூப்பிடுங்கள். பழைய மாணவர் சங்கங்களே, வெளிநாட்டுக் கிளைகளே, ஒரு வருடத்துச் சாப்பாட்டுக் காசில் பாதியை எடுத்து அறை முற்பணத்துக்கு ஒரு சுழற்சி நிதி வையுங்கள். பிள்ளை உழைத்து மாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டட்டும், அடுத்தவருக்குப் போகட்டும். படம் எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நல்லவர் போல் வரும் எல்லோரும் நல்லவர் அல்ல. இல்ல நிர்வாகத்துக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரியாமல் எதுவும் வேண்டாம். பெண்பிள்ளைகளோடு பெண்கள், குடும்பமாக. பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கவேண்டும். சமயம் மாற்றும் எண்ணத்தோடு யாரும், எந்தப் பக்கத்தில் இருந்தும், கிட்ட வரவேண்டாம். அவர்களுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தந்தையரின் பெயரால் அழைக்கச் சொல்லும் மார்க்கம் எங்களுடையது.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் இடாப்பில் இல்லத்துப் பிள்ளைகளின் பிறந்த திகதியை இன்றைக்கே பாருங்கள். பதினேழு நடக்கிறவர் இருந்தால் இல்லத்துப் பொறுப்பாளரோடு இப்போதே கதையுங்கள். நான் பார்க்கவில்லை.

பெடியன் சுகமாகிவிட்டான். பதினொன்பது நாள் வேலைக்குப் போகாததால் அந்த வேலை போய்விட்டது. இப்போது வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறான். வரவு செலவுப் பதிவை நான் படிப்பித்ததைவிட அங்கே நன்றாகச் செய்கிறானாம், முதலாளி சொன்னார். வரும் ஏ.எல். பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்திருக்கிறான். செவ்வாய், வியாழன் பின்னேரம் வருவான். வாப்பா நோன்புப் பெருநாளைக்கு அவனுக்கு ஒரு சேர்ட் தைத்தார், கை கொஞ்சம் நீளம்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் இதைப் பற்றிக் கதைக்க இருக்கிறோம். பள்ளி நிர்வாகத்தில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பக்கத்துக் கோயிலில் இருந்து ஒரு ஐயாவும் வருகிறார், ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரும் வருகிறார். அநாதை இல்லம் கட்டத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் வாருங்கள், முகத்துக்கு நேரே கதைப்போம். வர விரும்புபவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள், வழி சொல்கிறேன். பனர் இல்லை. தேத்தண்ணியும் வட்டிலப்பமும் இருக்கும்.